கேமரா கேள்வி–பதில்: கடற்கரைக்கும் கூத்துக்களரிக்கும் எந்த கேமரா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஊர் சுற்றவும் வேண்டும், ஆவணப்படமும் எடுக்க வேண்டும், கைக்கு அடக்கமான வீடியோ கேமரா எது என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் லென்ஸ் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

*ஐயா, தேவனாம்பட்டினம் மீனவர்களைப் பற்றி ஒரு மணி நேரப் படம் எடுக்க ஆசை. வருஷத்துக்கு இரண்டு தடவை வெளியூர்ப் பயணமும் உண்டு, அதற்கும் இதே கேமராதான். கடையில் கேட்டால் ‘4கே இருக்கிறதா பாருங்கள், போதும்’ என்கிறார்கள். கையில் நல்ல மொபைலும் இருக்கிறது. தனியாக கேம்கார்டர் தேவைதானா?*

தேவைதான் டீச்சர், நீங்கள் எடுக்கப்போவது தேவனாம்பட்டினம் என்பதால் சொல்கிறேன். வீட்டு விசேஷம் என்றால் மொபைலே போதும் என்றிருப்பேன்.

4கே இப்போது எல்லாவற்றிலும் வந்துவிட்டது, உங்கள் மொபைலிலும் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வேறொன்றை யோசியுங்கள். விடிகிற நேரம், ஃபைபர் படகு அலையைத் தாண்டிக் கரைக்கு வருகிறது, நீங்கள் மணலில் நிற்கிறீர்கள், படகு இன்னும் இருநூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. படகில் நிற்பவர் முகத்தில் அந்த நேரத்தில் தெரிவதுதான் உங்கள் படம். மொபைலில் இழுத்தால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் ஓர் அளவுக்கு மேல் அது படத்தைத்தான் வெட்டிப் பெரிதாக்குகிறது. கேம்கார்டரில் கண்ணாடிகளே உள்ளே நகர்ந்து தூரத்தைக் கிட்டே கொண்டுவரும். ஆப்டிகல் ஜூம் என்று சொல்வது அதைத்தான். பெட்டியில் 250 மடங்கு, 300 மடங்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள், ‘ஆப்டிகல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். சோனி ஏஎக்ஸ்53-இல் அது 20, பானசோனிக் எச்சி-எக்ஸ்1500-இல் 24, சோனி ஏஎக்ஸ்700-இல் 12.

12 என்றதும் ஏஎக்ஸ்700-ஐ ஒதுக்கிவிட வேண்டாம். அதில் இருப்பது ஒரு அங்குல சென்சார் (லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு), மற்ற இரண்டிலும் இருப்பதைப்போல் பரப்பளவில் நாலு மடங்குக்கு மேல். சென்சார் பெரிதானால் இருட்டில் படம் பொரிப்பொரியாகத் தெரிவது குறையும், ஆனால் அதே அளவு ஜூம் வேண்டுமென்றால் லென்ஸ் குழாய் மாதிரி நீண்டுவிடும். அதனால்தான் சின்ன கேமராவில் நீண்ட ஜூம், இருட்டில் தெளிவு இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை. உங்கள் படத்தில் பெரும்பகுதி பகலில் கடற்கரை என்றால் ஜூமைத் தேர்ந்தெடுங்கள். ராத்திரி வலை பிரிப்பது, குடிசைக்குள் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் பேட்டி என்று போனால் சென்சாரைத் தேர்ந்தெடுங்கள். ஏஎக்ஸ்700-இல் லென்ஸுக்குக் கூலிங்கிளாஸ் போட்ட மாதிரி என்டி ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது, சித்திரை வெயிலில் வெள்ளை மணல் மேல் நின்று எடுக்கும்போது அதன் அருமை தெரியும். ஆனால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம். பயணத்தில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க முடியுமா என்று கடையிலேயே கால் மணி நேரம் கையில் பிடித்துப் பாருங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்கவே இல்லை, ஒலி. சில வருஷங்களுக்கு முன்னால் மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் ஒரு பாட்டியிடம் பேசினேன். சின்ன வயதில் தன் ஊர்ச் சாமியோடு மாட்டு வண்டியில் தீர்த்தவாரிக்கு வந்ததைச் சொன்னார். சொல்லும்போது வலது கையை, கயிறு பிடித்த மாதிரியே மடக்கி வைத்துக்கொண்டிருந்தார், முடிக்கிற வரை விரிக்கவில்லை. படம் அற்புதமாக வந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால் கடல்காற்று மைக்கில் மோதிய ‘புஸ் புஸ்’ சத்தம்தான், பாட்டி குரல் எங்கோ அடியில் கிடந்தது. அடுத்த வாரம் தேடிப்போய் மறுபடி சொல்லச் சொன்னேன், பாவம், சொன்னார். கை மடங்கவில்லை.

அதனால் வாங்கும் கேமராவில் மைக் செருகும் துளையும் ஹெட்போன் துளையும் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த மாடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். கையில் உள்ள தொகையில் நாலில் ஒரு பங்கை ஒயர்லெஸ் காலர் மைக், காற்றுத் தடுக்கும் ரோம உறை, காதை முழுக்க மூடும் ஹெட்போன் இவற்றுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மீதிக்குக் கேமரா பாருங்கள். காலர் மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குத்தினால் அலைச் சத்தத்தையும் மீறிக் குரல் முன்னால் நிற்கும். பேட்டி நடக்கும்போது ஹெட்போனைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

கல்லூரி மாணவர், வில்லியனூர்

*அண்ணா, எங்கள் தாத்தா கூத்தாடியவர். அவர் ஜமாவின் (கூத்துக் குழுவின்) தெருக்கூத்தை முழு இரவும் பதிவு செய்ய வேண்டும். நண்பனிடம் மிரர்லெஸ் கேமரா இருக்கிறது, இருட்டில் அருமையாக எடுக்கிறது. அதை வைத்தே எடுத்துவிடலாமா?*

தம்பி, அந்த கேமராவில் ஒரே ஷாட் எவ்வளவு நேரம் ஓடும் என்று முதலில் பார். மிரர்லெஸ் மாதிரி ஸ்டில் கேமராக்கள் பலவற்றில் 29 நிமிஷம் 59 வினாடியில் பதிவு தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று கணக்கிட்டு அதிக சுங்கவரி போட்டார்கள், அதைத் தவிர்க்க வைத்த வரம்பு அது. புதிய மாடல்கள் சிலவற்றில் இல்லை, ஆனால் 4கேயில் நீண்ட நேரம் ஓட்டினால் சூடாகி நிற்பது உண்டு. கட்டியங்காரன் களரிக்கு வந்ததிலிருந்து விடிகிற வரை எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள், நடுவில் எங்கே நின்றது என்றே உனக்குத் தெரியாமல் போகலாம். கேம்கார்டர் இந்த வேலைக்காகவே செய்தது, பேட்டரியும் கார்டும் இருக்கிற வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கூத்துக்கு கேம்கார்டர், நண்பனுடையதை வேஷம் கட்டுகிற இடத்துக்கு வைத்துக்கொள். அரிதாரம் பூசுவது, புஜக்கட்டை கட்டுவது எல்லாம் கிட்டத்தில், மங்கின வெளிச்சத்தில் நடப்பவை, அங்கே அது ஜெயிக்கும்.

கார்டுக் கணக்கு சொல்கிறேன். 4கேயில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 360. ஃபுல் எச்டியில் 50 மெகாபிட் என்றால் அதில் பாதி. ராத்திரி முழுக்க எடுப்பதற்கு நான் எச்டியையே சொல்வேன், பத்து வருஷம் கழித்துப் பத்திரமாக இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் எச்டி, இடமில்லை என்று அழித்துவிட்ட 4கேயைவிட மேல். எதில் எடுத்தாலும் கார்டில் யு3 அல்லது வி30 என்று அச்சிட்டிருக்க வேண்டும், நொடிக்கு 30 எம்பி குறையாமல் எழுதும் என்பதற்கான குறி அது.

அப்புறம், ஆட்டோவை நம்பாதே. இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, வேஷக்காரர் பின்னால் இருந்து பாடுகிறார் இல்லையா, ஆட்டோ ஃபோகஸ் அந்தத் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். திரை விலகி அவர் முதல் கிறுகிறுப்பு சுற்றும் அந்த நொடியில் படம் மங்கித் தெளியும், நமக்கு வேண்டியதே அந்த நொடிதானே. ஃபோகஸை மேனுவலில் போட்டுத் திரைக்கு ஒரு அடி பின்னால் வைத்துப் பூட்டிவிடு. வெளிச்சமும் அப்படித்தான், சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா படத்தைப் பிரகாசமாக்கப் பார்க்கும், அரிதாரம் பூசிய முகம் வெள்ளைத்தாள் மாதிரி வெந்துபோகும். முகத்துக்கு அளவு வைத்து அதையும் பூட்டு, பின்னணி இருண்டால் இருளட்டும். இன்னொன்று, முழுசாக ஜூம் பண்ணினால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறையும். ஏஎக்ஸ்53-இல் எஃப்2 ஆக இருப்பது எஃப்3.8 ஆகிவிடும் (எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறையும்), கிட்டத்தட்ட கால் பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். கடைசி வரிசையில் ட்ரைபாட் போடாமல் களரிக்குக் கிட்டே இடம் பிடி. ஆர்மோனியக்காரர் பக்கத்தில் ஒரு சின்ன ஆடியோ ரெக்கார்டரைத் தனியாக ஓடவிட்டால் முகவீணையும் பின்பாட்டும் சுத்தமாகக் கிடைக்கும்.

இல்லத்தரசி, முத்தியால்பேட்டை

*பழைய ஹேண்டிகாமில் எடுத்தால் வீட்டு டியூப்லைட் வெளிச்சம் அலை அலையாகத் துடிக்கிறது. புதிது வாங்கலாம் என்றால் பாரிஸிலிருந்து சித்தப்பாவும் அமெரிக்காவிலிருந்து அண்ணனும் வாங்கி வருகிறேன் என்கிறார்கள். யாரிடம் சொல்ல?*

சித்தப்பாவிடம் சொல்லுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பிரான்சிலும் அதே. அமெரிக்காவில் 60. அங்கே விற்கும் ஹேண்டிகாம்களில் பல, நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம் மட்டும்தான் எடுக்கும், 25க்கோ 50க்கோ மாற்ற மெனுவில் வழி இருக்காது. சாதாரண டியூப்லைட் நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மின்னுவதால் அந்தக் கணக்கு பொருந்தாமல் துடிப்பு தெரிகிறது. இப்போது இருக்கும் ஹேண்டிகாமும் அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஷட்டரைக் கையால் மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100 வைத்துப் பாருங்கள், துடிப்பு நின்றுவிடும், புதிதே தேவைப்படாமல் போகலாம். வெளிநாட்டில் வாங்குவதற்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் செல்லாது, அதையும் சித்தப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி ஊழியர், லாஸ்பேட்டை

*பயணத்துக்கு டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 மட்டும் போதுமா?*

பயணத்துக்குப் போதும். 2023-இல் வந்தது, சட்டைப்பையில் அடங்கும், ஒரு அங்குல சென்சார், ஆட்டத்தை ஈடுகட்டும் கிம்பல் உள்ளேயே இருப்பதால் நடந்துகொண்டே எடுத்தாலும் ஆடாது. ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் தேரோட்டத்தில் கூட்டத்தோடு நகர்ந்தபடி எடுக்க இதைவிடத் தோதானது கிடையாது. ஆனால் ஆப்டிகல் ஜூம் இல்லை, வடம் பிடிக்கிற கைகளைக் கிட்டே காட்ட வேண்டும் என்றால் நீங்களே கிட்டே போக வேண்டும். பேட்டரி உள்ளேயே பொருத்தியது, தீர்ந்தால் கழற்றி மாற்ற முடியாது, பவர் பேங்க் எடுத்துப்போங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

ஸ்டூடியோ உதவியாளர், கடலூர் முதுநகர்

*துறைமுகப் பக்கம் எடுத்துவிட்டு வந்தால் லென்ஸில் பிசுபிசுப்பு. செகண்ட் ஹேண்ட் கேம்கார்டர் ஒன்றும் விலைக்கு வருகிறது, எதைப் பார்த்து வாங்குவது?*

பிசுபிசுப்பு உப்புத் திவலை. துணியால் அப்படியே துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் காற்றுப் பந்தால் ஊதுங்கள், பிறகு லென்ஸ் திரவம் ஒரு சொட்டு மைக்ரோஃபைபர் துணியில் விட்டு, அழுத்தாமல் துடையுங்கள். முன்னால் ஒரு யுவி ஃபில்டரை நிரந்தரமாகப் போட்டுவிட்டால் துடைப்பதெல்லாம் அதோடு போகும். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்துப் போனாலும் லென்ஸ் வியர்க்கும், பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், தோல்பையில் பூட்டி வைத்தால் பூஞ்சை வரும்.

பழையது வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். திரையைத் திறந்து மூடித் திருப்பும்போது படம் அணைந்து வந்தால் உள்ளே ரிப்பன் கேபிள் போகிற நிலையில் இருக்கிறது. மைக் துளையில் உங்கள் மைக்கைச் செருகி, பிளக்கை லேசாக ஆட்டியபடி ஹெட்போனில் கேளுங்கள், கரகரப்பு வந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.