மாசியில் கம்பத்துக்குப் போகலாமா?

கேள்வி: மாசிக் கடைசியில் இரண்டு நாள் பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போக ஆசை. "இப்போது பழம் இருக்காது, வெயிலில் வெந்துபோவோம், பேசாமல் கொடைக்கானல் போகலாம்" என்கிறார் கணவர். முன்பின் தெரியாதவர்களைத் தோட்டத்துக்குள் விடுவார்களா? மாமியாருக்கு முழங்கால் வலி வேறு.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: வெயிலைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது சரி. பழத்தைப் பற்றிச் சொல்வது சரியில்லை. மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் திராட்சைக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கேயாவது பழம் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். கவாத்து செய்த, அதாவது கொடியை வெட்டிவிட்ட நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை தயார். எல்லோரும் ஒரே நாளில் கவாத்து செய்வதில்லை அல்லவா? அதனால் ஒரு தோட்டம் இலையில்லாமல் மொட்டையாக நிற்கும். வரப்பைத் தாண்டினால் அடுத்ததில் பூ, அதற்கும் அடுத்ததில் கறுத்துத் தொங்கும் குலைகள். ஒரே காலையில் இத்தனையும் பார்க்கலாம். இதற்காகவே நான் போகச் சொல்வேன்.

அங்கே பெரும்பாலும் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் கொடி படர்ந்திருக்கும். குலை நம் தலைக்கு மேலேயே தொங்கும். பழத்தின் மேல் மெல்லிய சாம்பல் பூச்சு தெரியும். மருந்தென்று பயப்பட வேண்டாம், அது பழத்தின் இயல்பான மெழுகு. விரல் பட்டால் அழிந்துவிடும்; அழிந்த குலைக்குச் சந்தையில் விலை குறையும். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். பறிக்க ஆசைப்பட்டால் தோட்டக்காரரே கத்தரிக்கோலால் வெட்டித் தரட்டும்.

சுருளி அருவிக்குப் போகும் சாலையில் வெளியூர்க்காரர்களை உள்ளே விட்டுப் பழமும் விற்கிற தோட்டங்கள் இருக்கின்றன. மற்ற இடங்களில் வேலியோரம் நின்று "அண்ணே, பார்த்துவிட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். உள்ளே போனதும் மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கட்டாயம் விசாரியுங்கள். சாம்பல் நோய் என்ற பூஞ்சை நோய்க்கு மருந்து அடிக்காத திராட்சைத் தோட்டம் அரிது. நேற்று அடித்தோம் என்றால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு அடுத்த தோட்டத்துக்கு நடையைக் கட்டுங்கள். உள்ளே சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது அழகல்ல. இரண்டு கிலோவாவது வாங்குங்கள்.

மாமியாருக்குப் பந்தல் நிழல் சுகமாகவே இருக்கும், தரையும் சமதளம். தண்ணீர் பாய்ச்சிய அன்று மட்டும் சேறு வழுக்கும். ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். விடிந்ததும் கிளம்பிப் பத்து மணிக்குள் முடித்துவிட்டால் வெயில் பிரச்சினையே இல்லை. நண்பகலில் அறையில் படுத்துத் தூங்குங்கள்.

இரண்டாம் நாள் தேக்கடி, மேகமலை என்று திணிக்காதீர்கள். மேகமலையின் கொண்டை ஊசி வளைவுகள் முழங்கால் வலிக்காரருக்கு உதவாது. சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் பாருங்கள். சாயங்காலம் லோயர் கேம்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் போகலாம். 1895-ல் முடிந்த அந்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வராவிட்டால் இத்தனை பச்சை ஏது? பாடப் புத்தகத்தைவிட அங்கே நின்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

ஊருக்குக் கொண்டுவரும் பழத்தைக் கிளம்புகிற அன்று காலையில் வாங்குங்கள். பன்னீர் திராட்சை சீக்கிரம் உதிரும். காகிதம் விரித்த அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். கழுவுவதை வீட்டுக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு அடைத்தால் குரோம்பேட்டை வருவதற்குள் பாதி அழுகியிருக்கும்.