பெரிய ரீடெய்ல் கம்பெனிங்க முதலீடு பண்ணி கடைய பெருக்கிட்டே போறதால சப்ளை செயின்ல என்ன மாறுது?

"இவங்க கோடி கோடியா போட்டு கடை திறந்தா நடுவுல இருக்கிற ஏஜென்சிக்காரங்க, சின்ன தயாரிப்பாளருங்க கதி என்ன"ன்னு கேட்டிருக்கீங்க. எங்க அப்பா விருதுநகர்ல 22 வருஷமா சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் ஏஜென்சி நடத்துறாரு, கணக்கு வழக்கு இப்ப நான் பாக்குறேன், அதனால கண்ணால பாத்ததை வச்சே சொல்றேன். எல்லாரும் விலைய பத்திதான் பேசுறாங்க. ஆனா நிஜமா மாறுறது பணம் ஓடுற திசை, யாரு யாருக்கு கடன் குடுக்குறாங்கங்கிறது.

பழைய முறை எப்படின்னா, கம்பெனிக்கு நாங்க முன்கூட்டியே பணம் கட்டுனாதான் லோடு ஏறும். குடோனுக்கு வந்த சரக்க குட்டியானைல ஏத்தி லைனுக்கு, அதாவது வாரா வாரம் போற கடை ரூட்டுக்கு அனுப்புவோம், மளிகைக்கடை அண்ணாச்சிங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள் கடன், அடுத்த வாரம் லைன் பையன் போறப்ப பழைய பில்லுக்கு வசூல் பண்ணிட்டு புது பில்லு போடுவான். அண்ணாச்சி தெருக்காரங்களுக்கு நோட்டுல எழுதி மாசக்கடன் குடுப்பாரு. ஆக நாங்க பேங்க்ல ஓவர் டிராஃப்ட் கடன் வாங்கி போட்ட பணம்தான் யாரோ ஒருத்தங்க வீட்டு அடுப்படி வரைக்கும் போயி நிக்குது.

பெரிய கடைல இது அப்படியே தலைகீழ். கஸ்டமர் அங்கேயே காசோ ஜிபேயோ குடுத்துட்டுதான் பைய தூக்குறாரு, சரக்கு குடுத்தவனுக்கு மட்டும் 30 நாள், 60 நாள் கழிச்சுதான் பணம். நடுவுல அந்தப் பணம் கடைக்காரங்க கைல சுத்துது. ஒரு கடைன்னா பெருசா தெரியாது, நூறு ஆயிரம்னு பெருகுறப்ப அடுத்த கடை திறக்குறதுக்கான முதலீடே சப்ளையர் பணமா ஆயிடுற ஆபத்து இருக்கு, வேகம் எங்கயாவது தடைபட்டா மொத மொத அடி வாங்குறது சரக்கு குடுத்தவன். நம்ம ஊருலயே பாத்தோமே, சுபிக்‌ஷா 1997ல திருவான்மியூர்ல ஒரு கடையா ஆரம்பிச்சு 2008ல நாடு முழுக்க சுமார் 1,600 கடை ஆச்சு, 2009ல கைல பணமில்லாம மொத்தமா மூடிருச்சு, சப்ளையர் பாக்கி, வாடகை பாக்கி, சம்பள பாக்கி எல்லாம் அப்படியே நின்னுச்சு. டிமார்ட் வேற வழி. 2002ல ஆரம்பிச்சு நிதானமா, பெரும்பாலும் சொந்த இடத்துல கடை போடுறாங்க, சப்ளையருக்கு சீக்கிரமா பணம் குடுத்துட்டு அதுக்கு பதிலா விலைய குறைச்சு வாங்குறாங்க. ரெண்டுமே பெரிய ரீடெய்ல்தான், ஆனா சரக்கு போடுறவனுக்கு ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அதனால "பெரிய கடை நல்லதா கெட்டதா"ன்னு கேக்குறத விட "எத்தனாவது நாள் பணம் வரும்"னு கேளுங்க.

இப்ப எங்க பக்கம் நடந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அண்ணாச்சி கடைக்கு நானே வசூலுக்கு போயிருந்தேன். அவரு கல்லாவுக்கு அடில இருந்து ஒரு பில்ல எடுத்து தராசு மேல வச்சு, "தம்பி, இதே துணிசோப்பு, நீ போட்ட ரேட்ட விட ஒரு கேஸு பெட்டிக்கு 40 ரூவா கம்மி, மொத்த விற்பனை ஆப்ல ஆர்டர் போட்டா நாளைக்கே கடைக்கு வந்து எறக்கிடுறான், நான் என்ன செய்யட்டும் நீயே சொல்லு"ன்னாரு. எனக்கு பதில் வரல. அந்த ரேட்டுக்கு எங்களுக்கு கம்பெனிலயே சரக்கு கிடைக்காது. எங்களுக்கு நிக்கிறதே நூத்துக்கு மூணோ நாலோதான், அதுல பையன் சம்பளம், டீசல், குடோன் வாடகை, டேமேஜ், கம்பெனி ஆஃபருக்காக நாங்க கைக்காசு போட்டுட்டு எப்பவோ திரும்ப வரப்போற ஸ்கீம் க்ளைம் எல்லாம் அடங்கணும். அந்த ஆப்காரங்க மாதிரி மொத்தமா வாங்குறவங்களுக்கு கம்பெனியே தனி மார்ஜின் தருது, அதுக்கு மேல முதலீட்டு பணம் இருக்கிறதால கொஞ்ச நாள் நஷ்டத்துக்கும் விக்க முடியும்.

இது எங்க ஊரு கதை மட்டும் இல்ல. 2020ல ரிலையன்ஸ் ரீடெய்ல் வெளி முதலீட்டாளர்கிட்ட 47,265 கோடி திரட்டுச்சு, 2023ல மெட்ரோ கேஷ் அண்ட் கேரி கம்பெனியோட 31 மொத்த விற்பனைக் கடைகள 2,850 கோடிக்கு வாங்கி முடிச்சது. அதாவது பெரிய ரீடெய்ல் இப்ப அண்ணாச்சிக்கு போட்டியா மட்டும் இல்ல, அண்ணாச்சிக்கு சரக்கு போடுற இடத்துக்கும் வந்தாச்சு. இந்த விலை வித்தியாசத்துக்காகத்தான் 2022 ஜனவரில மகாராஷ்டிரா விநியோகஸ்தருங்க கோல்கேட் சரக்க எடுக்க மாட்டோம்னு நின்னாங்க, எல்லாருக்கும் ஒரே விலை குடுங்கன்னு நாடு முழுக்க இருக்கிற விநியோகஸ்தர் சங்கம் கேட்டுச்சு. கேட்டது நியாயம்னுதான் நான் இன்னைக்கும் நினைக்கிறேன்.

தயாரிக்கிறவங்க நிலைமை கொஞ்சம் கலந்த மாதிரி. எங்க சித்தப்பா கோவில்பட்டில கடலை மிட்டாய் போடுறாரு. ஒரு பெரிய கடை செயின்ல இருந்து ஆர்டர் வந்தப்ப வீடே கொண்டாடுச்சு. பார்கோடு, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு பாதுகாப்பு லைசென்ஸ் நம்பர், ஒரே எடைல பாக்கெட், நல்ல அட்டைப்பெட்டின்னு அவங்க கேட்டதால தொழிலே ஒழுங்காச்சு, அது நிஜமான நன்மை, மறைக்க மாட்டேன். ஆனா பருப்பும் வெல்லமும் ரொக்கத்துக்குதான் வாங்கணும், உருண்டை பிடிச்சு பாக்கெட் போடுற அக்காமாருக்கு சனிக்கிழமை சாயங்காலம் கூலி கையில குடுக்கணும். செயின்ல இருந்து பணம் வந்தது 80 நாள் கழிச்சு, அதுலயும் விக்காத சரக்கு ரிட்டன், ஆஃபருக்கு உங்க பங்கு, லேட் டெலிவரின்னு டெபிட் நோட்டு போட்டு கழிச்சிருந்தாங்க. சித்தி வளையல் அடகுக்கு போனது அந்த மாசம்தான். ஆர்டர் கூடக்கூட கடனும் கூடுச்சுங்க, அதான் எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல்.

ஒரு விஷயம் அவருக்கு கை குடுத்துச்சு. சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006 சட்டத்துலயே இருக்கு, யாரும் மதிக்கல. 2023-24 கணக்கு வருஷத்துல இருந்து, அந்த கெடு தாண்டுன பில்ல பணம் குடுத்த வருஷத்துலதான் செலவா காட்ட முடியும்னு வருமான வரில 43பி(எச்) கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் சித்தப்பாவுக்கு பணம் 45 நாளுக்குள்ள வருது. நீங்க ஏதாவது தயாரிச்சு பெரிய கடைக்கு போடுறதா இருந்தா சிறு தொழிலுக்கான அரசாங்க உத்யம் பதிவு பண்ணி அந்த நம்பர பில்லுலயே போடுங்க, ரிட்டன் யாரு தலைலன்னு எழுதி வாங்குங்க, மொத்த உற்பத்தியையும் ஒரே செயினுக்கு குடுத்துடாதீங்க. எங்கள மாதிரி வாங்கி விக்கிற ஏஜென்சிக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது. இதையும் யாராவது சரி பண்ணணும்.

எங்ககிட்ட இருந்த மூணு வண்டில ஒண்ண வித்தாச்சு, டவுன் லைன் பாதியா குறைஞ்சு போச்சு. கிராமத்து லைன் மட்டும் அசையாம நிக்குது. அங்க இருக்கிற அக்கா கடைக்கு ஒரு கேஸ் சோப்பு எடுக்க வசதி இல்ல, ஆறு சோப்பு, ஒரு சரம் ஷாம்பு, அவ்வளவுதான் வேணும். எங்க பையன் அதை எறக்கிட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை போயி பணம் வாங்கிக்கிறான்.