பேட்டரி நிறுவனத்துக்கு முன்பணமா, வங்கிக் கடனா?

கேள்வி: மின்வாகன நிறுவனத்திடம் ஆர்டர்கள் இருந்தும், அதற்கு பேட்டரி செய்து தரும் சிறிய நிறுவனத்திடம் மூலப்பொருள் வாங்கப் பணமில்லை. வங்கிக் கடன் நல்லதா, வாகன நிறுவனம் தரும் முன்பணம் நல்லதா?

பதில்: வட்டியை மட்டும் ஒப்பிட்டு இதை முடிவு செய்யக் கூடாது. கடன் வாங்கித் தயாரிக்கும்போது, விற்பனை குறைந்தால் வரும் நட்டம் பெரும்பாலும் பேட்டரி நிறுவனத்தின் தலையிலேயே விழும் என்பதால், அது அஞ்சித் தயாரிப்பு அளவைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் வாகன நிறுவனம் இழக்கும் விற்பனை எந்தக் கடன் கணக்கிலும் தெரிவதில்லை. முன்பணம் அந்த அபாயத்தில் ஒரு பங்கைச் சந்தையை நன்கறிந்த வாகன நிறுவனத்திடம் மாற்றுகிறது என்பதால், நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதற்கு ஈடாகக் கேட்கப்படும் விலைத் தள்ளுபடி பேட்டரி நிறுவனத்தின் லாபத்தையே விழுங்கிவிட்டால், தயாரிப்பு மறுபடியும் சுருங்கும்.

பேட்டரியின் முக்கிய மூலப்பொருளான லித்தியம் கார்பனேட்டின் விலை 2022 இறுதியில் உச்சத்தைத் தொட்டு 2023-இல் கடுமையாகச் சரிந்ததை நினைத்தால், பேட்டரி விலையை மூலப்பொருள் விலையோடு இணைத்து ஒப்பந்தம் எழுதுவதும் அவசியம். (முன்பணமே தராதவர்கள் பாக்கியையாவது விரைவில் தீர்க்கலாம்: சீனாவின் முன்னணி கார் நிறுவனங்கள் 60 நாட்களுக்குள் பணம் தருவதாக 2025 ஜூனில் உறுதியளித்தன.) வாகன நிறுவனத்திடமும் பணம் குறைவாக இருந்தால், அதன் உறுதியான ஆர்டரைப் பிணையாகக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம்.