டாலர் எங்கே நிற்கிறது?

அண்ணாச்சி, நீங்கள் அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ராத்திரி ஒரு மணி இரண்டு மணி வரை உட்கார்ந்து இணையத்தில் வேலை பிடித்துத் தரும் அப்வொர்க் தளம் வழியாக அமெரிக்காக்காரர் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தான், 300 டாலர் என்றான், வேலை முடிந்து மூன்று வாரமாகியும் ஒரு ரூபாய் வரவில்லை, கேட்டால் "அப்வொர்க்ல நிக்குதுப்பா" என்கிறான், இது ஏமாற்று வேலையோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது இந்த 300 டாலர் இல்லை. கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதே ஆள் அடுத்து 900 டாலருக்கு வேலை தருவதாகவும், "இனி நேரடியாகவே பேசிக்கொள்ளலாம்" என்று டெலிகிராமுக்குக் கூப்பிடுவதாகவும். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

முதலில் 300. மொத்தமாக விலை பேசிய வேலை என்றால் அப்வொர்க்கில் வாடிக்கையாளர் முதலிலேயே பணத்தைக் கட்டிவிட வேண்டும், அது நடுவில் ஒரு கணக்கில் நிற்கும். பையன் வேலையை ஒப்படைத்ததும் அவர் பார்த்துச் சரி என்று சொன்னால் அதிலிருந்து ஐந்து நாளில் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். அவர் வாயே திறக்கவில்லை என்றால் 14 நாள் பொறுத்துத் தானாக விடுவிக்கப்படும், அப்புறம் அந்த ஐந்து நாள், வங்கிக்கு வர ஒன்றிரண்டு நாள். கூட்டிப் பாருங்கள், உங்கள் மூன்று வாரம் வந்துவிடும். ஒன்றை மட்டும் பையனிடம் கேளுங்கள்: வேலையை ஒப்படைப்பதற்கென்று அங்கே இருக்கிற பொத்தானை அழுத்தினானா, இல்லை ஃபைலை மெசேஜில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறானா? பொத்தானை அழுத்தினால்தான் 14 நாள் ஓட ஆரம்பிக்கும். புதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது 900. நீங்கள் வெளியூர்க் கடைக்குக் கடலைமிட்டாய் அனுப்புகிற ஆள். முகம் தெரியாத ஒருவர் போனில் 30 பெட்டி கேட்டால், பணம் வருமுன் லாரியில் ஏற்றுவீர்களா? பையன் இப்போது அதைத்தான் செய்யப் போகிறான். வெளியே போய்விட்டால் நடுவில் பணத்தைப் பிடித்து வைக்க யாரும் இல்லை. போதாததற்கு, அங்கே அறிமுகமான வாடிக்கையாளரிடம் இரண்டு வருடத்துக்கு வெளியே பணம் வாங்கக்கூடாது என்பது அப்வொர்க் விதி, மீறினால் அவன் கணக்கையே மூடிவிடலாம். அப்வொர்க் பிடிக்கிற கமிஷன் மிச்சம் என்று அவன் வாதாடுவான். கமிஷன் வேலையைப் பொறுத்து 15 சதவீதம் வரை போகும்தான், ஃபைவர் என்ற அதே மாதிரித் தளத்தில் 20 சதவீதம், கோபம் வருவது நியாயம். ஆனால் முதல் வருடத்தில் அதைக் கடை வாடகை மாதிரி நினைத்துக் கொடுத்துவிடட்டும். 900-ஐ மூன்று 300 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டிய பிறகே வேலையைத் தொடுவேன் என்று எழுதச் சொல்லுங்கள். நல்ல ஆள் என்றால் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் 900 டாலர் வேலை கையில் இருந்ததே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சொந்தமாக வாடிக்கையாளர் பிடிக்கிற காலம் வரும்போது பணம் வருகிற வழியை அவனே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எல்லாரும் முதலில் பேபால் என்ற இணையவழிப் பணச் சேவையைச் சொல்வார்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 300 டாலர் 27,000. பேபால் கட்டணம் நாலரை சதவீதம் போல, அதற்குமேல் டாலரை ரூபாயாக மாற்றும் விலையில் மூன்று நான்கு சதவீதம், ஆக கைக்கு வருவது 25,000-க்கும் கொஞ்சம் கீழே. பணம் அனுப்பியவர் 180 நாள் வரை புகார் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம் என்பதும் உண்டு. என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு மூன்றாவது மாதத்தில் பணம் திரும்பிப் போனது, அதற்குள் அவள் அதில் கல்லூரிக் கட்டணமே கட்டிவிட்டிருந்தாள். ஸ்விஃப்டில், அதாவது நாடு விட்டு நாடு வங்கிக்கு வங்கி பணம் அனுப்புகிற வழியில் வாங்கினால் வழியில் உள்ள வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும், பெரிய தொகைக்குப் பரவாயில்லை, 300 டாலருக்கு வலிக்கும். பேயோனீர் மாதிரி சேவைகள் அமெரிக்க வங்கிக் கணக்கு எண் ஒன்று தரும், அனுப்புகிறவருக்கு அது உள்ளூர்ப் பரிமாற்றம் மாதிரி. எதுவானாலும் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, அன்றைய மாற்றுவிலையைக் கூகுளில் பார்த்து, கைக்கு எவ்வளவு வந்தது என்று ஒப்பிட வேண்டும்.

கிரிப்டோவில் தருகிறேன் என்றால் வேண்டாம். லாபத்துக்கு 30 சதவீத வரி ஒரு பக்கம், அதை விற்கும்போது யாரோ ஒரு மோசடிக்காரன் பணம் உங்கள் கணக்குக்கு வந்து, சைபர் க்ரைம் புகாரில் கணக்கு முடங்கிப்போவது இன்னொரு பக்கம்.

அப்புறம், பணம் வாங்க உங்கள் கடைக் கணக்கு எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது அண்ணாச்சி. பெயர் பொருந்தாமல் பணம் திரும்பிப் போகலாம், வந்தாலும் அது உங்கள் கடை வரவோடு கலந்து, நாளைக்கு ஆடிட்டர் இது என்ன என்று கேட்பார். பையனுக்கு 18 தாண்டிவிட்டது, அவன் பெயரில் பான் கார்டும் வங்கிக் கணக்கும் இருக்கட்டும். வெளிநாட்டுப் பணம் வரும்போது எதற்காக என்று வங்கியில் ஒரு குறியீடு கேட்பார்கள், அவன் செய்கிற வேலைக்குப் பெரும்பாலும் பி0802, மென்பொருள் ஆலோசனை. சில கிளைகளில் சொந்தக்காரர் அனுப்பியது என்று நினைத்துக் குடும்பச் செலவு, பி1301 என்று போட்டுவிடுவார்கள், உடனே மாற்றச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பணத்துக்கும் வெளிநாட்டு வரவுச் சான்று கேட்டு வாங்கி, அவன் போட்ட பில்லோடு சேர்த்து வைக்கட்டும். பில் போடுவது எப்படி என்று அவனுக்கு நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும், வேறு யார் சொல்வது!

வரி பற்றி இப்போதைக்குத் தூக்கம் கெட வேண்டாம். புதிய வரி முறையில் வருட வருமானம் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் நாலு லட்சம் தாண்டினால் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். ஜிஎஸ்டி பதிவும் பொதுவாக 20 லட்சம் தாண்டினால்தான்.

படிப்பு கெடுமா என்ற கேள்விக்கு அவனைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. அரியர் எத்தனை இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறானா? ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு இரண்டு பேரும் வாருங்கள். லேப்டாப்பையும் மார்க் ஷீட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள், அதற்குள் அந்த டெலிகிராம் ஆளுக்கு அவன் எந்தப் பதிலும் போட வேண்டாம்.