கோடை லீவுல பப்ளிக் ஹெல்த் பயிற்சி: நீங்க கேட்டதும் என் பதிலும்

"அமெரிக்காவுல காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற பொண்ணு, ஜிபிஏ (மார்க் சராசரி) 4.0க்கு 3.0தான், மெடிக்கல் போற ஐடியாவும் இல்ல. இந்த சம்மர் ப்ரோக்ராம்லாம் எடுப்பாங்களா அக்கா?"

தாராளமா போடச் சொல்லுங்க. அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி நிதி குடுத்து கொலம்பியா, மிச்சிகன், மோர்ஹவுஸ் மாதிரி காலேஜ்கள்ல நடந்த கப்ஸ்ங்கிற சம்மர் ப்ரோக்ராம்ல கேட்ட மினிமமே 2.7தான். டாக்டருக்குப் படிக்கிற 4.0 பசங்களுக்குத்தான்னு யாரோ கிளப்பிவிட்டதை நம்பி எத்தனையோ பசங்க அப்ளை பண்ணாமலே இருக்காங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். முதல், ரெண்டாம் வருஷப் பசங்களுக்குன்னே ஷ்பெப்னு ஒரு சம்மர் ப்ரோக்ராம் நடத்தியிருக்காங்க, ராபர்ட் வுட் ஜான்சன் ஃபவுண்டேஷன்ங்கிற தனியார் அறக்கட்டளைப் பணத்துல, 6 வாரம், ஃபீஸ் கிடையாது.

"மோர்ஹவுஸ்ல ப்ராஜெக்ட் இம்ஹோடெப்னு சொல்றாங்களே, அது எப்படி?"

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. ஆரம்பிச்சவர் பில் ஜென்கின்ஸ், மோர்ஹவுஸ்லயே கணக்கு படிச்ச கறுப்பின எபிடெமியாலஜிஸ்ட், அதாவது நோய் எப்படிப் பரவுதுன்னு ஆராயறவர். அலபாமாவுல டஸ்கிகீங்கிற ஊர்ல சிஃபிலிஸ்ங்கிற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆம்பளைங்களுக்கு, அதைக் குணப்படுத்துற பென்சிலின் வந்தப்புறமும் வைத்தியமே குடுக்காம 1932லேர்ந்து 1972 வரைக்கும் அரசாங்கமே "ஆராய்ச்சி"ன்னு வேடிக்கை பார்த்துச்சு இல்லையா, அதே அரசு சுகாதாரத் துறையில சின்ன வயசு ஸ்டாடிஸ்டீஷியனா இருந்துக்கிட்டே அதை நிறுத்தப் போராடினவர் அவர். முடிவெடுக்கிற மேஜையில பாதிக்கப்படற இனத்து ஆளு ஒருத்தர் இல்லன்னா என்ன ஆகும்னு நேர்ல பார்த்தவரு.

11 வார ப்ரோக்ராம். முதல்ல ரெண்டு வாரம் பயோஸ்டாடிஸ்டிக்ஸ் (உடல்நலப் புள்ளிவிவரக் கணக்கு), எபிடெமியாலஜின்னு பெண்டு நிமிர்த்துவாங்க, அப்புறம் ஒரு மென்டர்கிட்ட விட்டுடுவாங்க, கடைசியில பேப்பர் எழுதி எல்லார் முன்னாடியும் நின்னு பேசணும். வேலைன்னா பெரிய கண்டுபிடிப்பு எதுவும் எதிர்பார்க்காதீங்க, பெரும்பாலும் டேட்டா சுத்தம் பண்றதுதான். வயசு எழுதற கட்டத்துல 999னு இருக்கும், பதில் சொல்லாதவங்களுக்குப் போட்ட அடையாள எண் அது, அதைக் கவனிக்காம சராசரி எடுத்தா எல்லாமே தப்பாயிடும். இந்தப் பழக்கம் ஒரு சம்மர்ல கைக்கு வந்துடுச்சுன்னா ஆயுசுக்கும் போதும்.

"நாங்க இந்தியத் தமிழர், மைனாரிட்டி கணக்குல வருவோமா?"

இந்தத் துறையில குறைவா இருக்கிறவங்கன்னு வழக்கமா சொல்றது கறுப்பினத்தவர், லத்தீனோ, பூர்வகுடி மக்களைத்தான். ஆனா முக்காவாசி ப்ரோக்ராம் இனத்தை மட்டும் பார்க்கிறதில்ல, குடும்பத்துல முதல் ஆளா காலேஜ் போறது, வருமானம் கம்மி, கிராமப்புறம்னு எல்லாம் பார்ப்பாங்க. அகதியா வந்து ஃபேக்டரியில வேலை பார்த்து வளர்த்த ஈழத்துக் குடும்பத்துப் பிள்ளைன்னா அதை அப்படியே எழுதுங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் இன்ஜினியர்னா இல்லாத கஷ்டத்தை எழுத வேணாம், ஏன் இந்த வேலைங்கிறதை எழுதினாப் போதும்.

"எஃப்-1 ஸ்டூடன்ட் விசாவுல இருக்கேன், முடியுமா?"

மேல சொன்னதுக்கெல்லாம் சிட்டிசனா இருக்கணும், இல்லன்னா கிரீன் கார்டு வேணும், ஷ்பெப் மட்டும் டாக்கா (DACA) பசங்களையும், அதாவது சின்ன வயசுல பேப்பர் இல்லாம கூட்டிட்டு வரப்பட்டு தங்க அனுமதி வாங்கினவங்களையும் எடுத்துச்சு. உங்களுக்குன்னா தம்பி, உங்க யுனிவர்சிட்டியிலயே ஒரு ப்ரொஃபசர்கிட்ட ரிசர்ச் வேலை கேளுங்க, லீவுல கேம்பஸ்ல ஃபுல் டைம் வேலை பார்க்கலாம். வெளியன்னா சிபிடி (படிப்போட சேர்ந்த வெளி வேலைப் பயிற்சிக்கான அனுமதி) வேணும், அதுக்கு பொதுவா ஒரு வருஷம் முழுசா படிச்சிருக்கணும், இன்டர்நேஷனல் ஆபீஸ்ல முதல்லயே பேசிடுங்க.

"இந்த வருஷம் நடக்குமா, எப்ப போடணும்?"

2025ல சிடிசியில பெரிய ஆட்குறைப்பு நடந்துச்சு, அரசாங்கப் பணத்தை நம்பின ப்ரோக்ராம்லாம் ஆட்டம் கண்டுடுச்சு. அதனால பழைய பக்கத்தைப் பார்த்து நம்பாதீங்க, நேரா அந்த ஆபீசுக்கே மெயில் போட்டுக் கேளுங்க, கூடவே தனியார் பணத்துல நடக்கிறது ஒண்ணாவது லிஸ்ட்ல வச்சுக்கோங்க. கடைசித் தேதி பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில வரும், சிபாரிசு லெட்டரை நவம்பர் கடைசியில வர்ற தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு முன்னாடியே ப்ரொஃபசர்கிட்ட கேட்டுடுங்க, செமஸ்டர் முடியிற நேரத்துல அவங்களைப் பிடிக்கவே முடியாது.