அச்சாரம் வாங்கியவர் மாறினால் இரட்டிப்பாகத் தர வேண்டுமா?

கேள்வி: நிலாவெளியில் 20 பேர்ச்சஸ் காணி ஒன்றை விலை பேசி, 5 இலட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். கையால் எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. இப்போது கொழும்பிலிருந்து ஒருவர் கூடுதல் விலை கேட்டு வந்திருக்கிறார். விற்பவர், "உங்கட காசைத் திருப்பித் தாறன், விட்டிடுங்கோ" என்கிறார். என் மாமா (மனைவியின் தகப்பனார்), "அச்சாரம் வாங்கினவன் சொல் மாறினால் இரட்டிப்பாய்த் தரவேணும், அதுதான் அந்தக் காலத்து முறை" என்று ஒரே பிடியாய் நிற்கிறார். நான் 10 இலட்சம் கேட்கலாமா? – உவர்மலை வாசகர், திருகோணமலை.

பதில்: மாமா சொல்வது உண்மையிலேயே பழைய முறைதான். அவர் நினைப்பதைவிடவும் பழையது. ஆனால் அதைக் காட்டி நீங்கள் 10 இலட்சம் வாங்க முடியாது. முதலில் மாமாவின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அவருக்கு அந்த மரியாதை சேர வேண்டும்.

அச்சாரம் என்ற சொல்லுக்கு அச்சகாரம் என்றும் ஒரு வடிவம் உண்டு. கன்னடத்தில் இதையே சஞ்சகாரம் என்பார்கள். இவற்றின் பின்னால் நிற்பது வடமொழியின் சத்யங்காரம்: பேச்சை மெய்யாக்குவதற்காகக் கொடுப்பது. பழைய வடமொழிச் சட்ட நூலான யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் வழக்குப் பகுதியில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. சத்யங்காரமாகக் கொடுத்த பொருளை இரு மடங்காகத் திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்கிறது அது. மாமாவின் வாயில் இருப்பது ஏறக்குறைய அதே வரிதான்.

அதே விதி மேற்கிலும் இருந்தது. பினீசிய, எபிரேய வணிகர் பேரத்துக்கு முன் ஈடாகக் கொடுத்ததன் பெயர் 'எரபோன்'. யூதா தன் முத்திரையையும் கைக்கோலையும் தாமாரிடம் விட்டுப்போன பைபிள் கதையில் வருவதும் இந்தச் சொல்தான். கடல் வணிகத்தோடு அது கிரேக்கத்துக்குப் போய் 'அர்ரபோன்' ஆனது, ரோமில் 'அர்ரபோ' ஆகி, பிறகு தேய்ந்து 'அர்ரா' ஆனது. ஒரு பழைய லத்தீன் நகைச்சுவை நாடகத்தில் பட்டிக்காட்டு வேலைக்காரன் ஒருவன் 'ராபோ' என்கிறான். ஏன் சொல்லைக் குறைக்கிறாய் என்று கேட்டால், "முதல் எழுத்தை இலாபமாக வைத்துக்கொண்டேன்" என்கிறான். அச்சாரம் கொடுக்கிற இடத்திலும் பேரம்! இன்றைய கிரேக்கத்தில் 'அர்ரவோனாஸ்' என்றால் கலியாண நிச்சயம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அர்ரபோன் வருகிற இடத்தில், நம் தேவாலயங்களில் வாசிக்கும் தமிழ் பைபிள் "ஆவியென்னும் அச்சாரம்" என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்த்தவருக்குச் சந்தை வழக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ரோமச் சட்டத்தில் ஆரம்பத்தில் அர்ரா வெறும் சாட்சிதான், பேரம் முடிந்தது என்பதற்கு அடையாளம். ஜஸ்டினியன் பேரரசர் 6ஆம் நூற்றாண்டில் அதற்குப் பல் வைத்தார். வாங்குபவர் மாறினால் கொடுத்ததை இழப்பார், விற்பவர் மாறினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். இதை இரு தரப்பும் தனியாகப் பேசியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிரான்சின் 1804ஆம் ஆண்டு சிவில் சட்டக் கோவையும் 1590ஆம் பிரிவில் இதையே எழுதிவைத்தது.

இதற்கு நேர் எதிரான வழக்கமும் இருந்தது, உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இதுதான். வட ஐரோப்பியச் சந்தைகளில் 'கடவுள் காசு' என்று ஒரு சின்ன நாணயம் கைமாறும். ஒல்லாந்தர் இதை 'கோட்ஸ்பென்னிங்' என்பார்கள். தொகை பெயருக்குத்தான், பல ஊர்களில் அது கோயிலுக்கோ ஏழைகளுக்கோ போய்விடும். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் அரசர் 1303இல் வெளிநாட்டு வணிகருக்குக் கொடுத்த சாசனத்தில், கடவுள் காசு கைமாறிவிட்டால் எந்த வணிகரும் பின்வாங்கக் கூடாது என்று இருக்கிறது. ஜஸ்டினியனின் அச்சாரம் விலை கட்டி வெளியே போக ஒரு கதவைத் திறந்துவிட்டது, கடவுள் காசு அந்தக் கதவையே பூட்டியது. நாம் "அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்று சொல்லும்போது இந்த இரண்டில் எதை நினைக்கிறோம்? கொடுப்பவர் ஒன்றை நினைப்பார், வாங்குபவர் மற்றதை நினைப்பார். காணித் தகராறுகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, இலங்கைக்கு வருவோம். திருகோணமலைக் கோட்டை 1795இல் பிரித்தானியர் கைக்குப் போனது. ஆனால் ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோம-டச்சுச் சட்டத்தை அவர்கள் தூக்கி எறியவில்லை, தொடரும் என்று 1799இல் பிரகடனம் செய்தார்கள். இன்றும் நம் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் அதுதான். அப்படியானால் இரட்டிப்பு விதியும் கூடவே வந்திருக்க வேண்டுமே என்று மாமா கேட்கலாம். நியாயமான கேள்வி. காணியைப் பொறுத்தவரை அந்த வழியை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் மறித்துவிட்டது. காணியை விற்பது மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தில் அதற்கு வலு இல்லை.

உங்கள் பற்றுச்சீட்டு அப்படிப்பட்ட பத்திரம் இல்லை. அதனால் "காணியை எனக்கே எழுதித் தா" என்று வழக்குப் போட முடியாது. இரட்டிப்பும் கேட்க முடியாது, ஏனென்றால் உடன்படிக்கையே நிற்காதபோது அதை மீறியதற்கான தண்டம் மட்டும் தனியாக நிற்காது. ஆனால் 5 இலட்சம் உங்கள் பணம். காணியும் தராமல் காசையும் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. பணம் கைமாறியதற்குச் சாட்சியாக அந்தப் பற்றுச்சீட்டு நன்றாகவே உதவும். ஆரம்ப காலத்து ரோமரின் அர்ராவைப் போல, அது சாட்சி மட்டும்தான்.

அவர் தானாகவே திருப்பித் தருகிறேன் என்கிறார் அல்லவா, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்குள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள். பணம் கணக்கில் விழுந்த பிறகுதான் அசல் பற்றுச்சீட்டைக் கொடுக்க வேண்டும். "எல்லாம் தீர்ந்தது" என்று எழுதிய எந்தத் தாளிலும் அதற்கு முன் கையெழுத்து வைக்காதீர்கள். இழுத்தடித்தால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். தொகையைப் பொறுத்து, நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியும் வரலாம். ரொம்ப நாள் பொறுத்திருக்கவும் கூடாது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்தில்லாத கொடுக்கல் வாங்கலுக்குப் பொதுவாக 3 வருடம்தான், அதற்குள் பார்த்துக்கொள்வது நல்லது. காணியின் உரிமையை ஆராய்வதற்கும் அளப்பதற்கும் நீங்கள் செலவழித்திருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். சட்டத்தைக் காட்டிக் கேட்க வேண்டாம், மனிதத்தன்மையாகக் கேளுங்கள். கூடுதல் விலை கிடைத்த சந்தோஷத்தில் பலர் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த காணிக்கு, மாமாவின் விதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே நொத்தாரிசிடம் விற்பனை உடன்படிக்கை எழுதுங்கள். யார் மாறினால் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் என்று அதில் தொகையாகவே போடுங்கள். "அட்வான்ஸ்" என்று மொட்டையாக எழுதாமல், அது விலையில் கழியுமா, வாங்குபவர் மாறினால் திரும்பாதா என்பதையும் எழுதுங்கள். விற்பவர் மாறினாலும் பணத்தோடு விட்டுவிடாமல் காணியையே கேட்கும் உரிமை வேண்டுமென்றால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள், அதுதான் உங்கள் கடவுள் காசு. பிறகு உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். கொழும்பிலிருந்து அடுத்த ஆள் வந்தாலும் ஏட்டைப் புரட்டும்போது உங்கள் பெயர் கண்ணில் படும். நம் மாவட்டத்தில் அரச அனுமதிப்பத்திரக் காணிகள் நிறைய, அவற்றை நினைத்தபடி விற்க முடியாது. ஆகவே காணியின் உறுதிப் பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் ஒருவரிடம் வாங்குவதானால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அரபியில் இதன் பெயர் 'உர்பூன்', எரபோனின் உடன்பிறப்பு. வாங்குபவர் மாறினால் முற்பணத்தை விற்பவரே வைத்துக்கொள்வது என்ற இந்த ஏற்பாடு, நம் முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) கூடாது. ஹன்பலி மத்ஹபில் ஆகும். தவணை குறித்திருந்தால் ஆகும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 1993இல் முடிவு செய்தது. மார்க்கப் பற்றுள்ள விற்பவர் "நீங்க மாறினாலும் காசு திருப்பித் தருவன், அதை வச்சுக்கொள்ள மாட்டன்" என்று சொன்னால் சந்தேகப்படாதீர்கள். அதையே உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.