கற்பனை உலக வரைபடத்தில் ஒரே ஆறு பிரிந்து இரண்டு கடல்களில் கலக்கலாமா?

பொதுவாகக் கூடாது. பெய்கிற மழையெல்லாம் ஒரே ஆற்றில் வந்து சேரும் நிலப்பரப்பைத்தான் வடிநிலம் என்கிறோம், அதற்குள் சிற்றோடைகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகுமே தவிர சும்மா பிரிந்து போகாது. மண் முற்றத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள்: முதலில் நாலாபக்கமும் கிளை விடும், அப்புறம் கொஞ்சம் பள்ளமான கிளைக்கு அதிகத் தண்ணீர் போக, அது மண்ணை இன்னும் அரிக்க, மற்றவை வறண்டுவிடும். ஆறும் அப்படித்தான்.

கடலோரச் சமவெளி வேறு கதை. அங்கே வேகம் குறைந்து வண்டல் படிந்து ஆற்றின் படுகையே மேடாவதால் தண்ணீர் புது வழி தேடுகிறது, டெல்டா உருவாகிறது. கடலிலிருந்து தள்ளி உள்நிலத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு: வெனிசுவேலாவில் ஓரினோகோ ஆற்றிலிருந்து பிரியும் காசிகியாரே என்ற கிளையாறு, அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவில் போய்க் கலக்கிறது. இப்படி ஒன்றை வைத்தால் கதையில் யாராவது வியக்கட்டும்!

சரி, கால்வாய்? மேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் மதகுத் தொட்டிகள் வேண்டும், அதாவது கப்பலை உள்ளே நிறுத்தித் தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கும் தொட்டிகள். 1914-இல் திறந்த பனாமா கால்வாய் கப்பல்களைச் சுமார் 26 மீட்டர் உயர்த்தி இறக்குகிறது, அதற்கான தண்ணீர் மேலேயுள்ள காட்டுன் ஏரியிலிருந்து வருகிறது. அதனால் உங்கள் மந்திரவாதி கால்வாய் வெட்டினால் மேட்டில் ஓர் ஏரியையும் வரைந்துவிடுங்கள்.

ஆறு என்றாலே வரைபடத்தில் மேலிருந்து கீழே ஓட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது.